தொலைபேசியில் பெய்த வார்சாப் பனி

வார்சாவிலிருந்து தான் செய்தி சொல்லும்போது, அந்த ஊர்ப் பனி தொலைபேசி வழியாக வந்து இத்தாலியின் தூரின் நகரப் பத்திரிகை அலுவலக மேஜைமேல் பெய்கிறது என்று அதன் வார்சா நிருபர் அல்தோ புருசாதின் சொல்லிக்கொண்டு திரிந்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அலுவலகத்துக்குக் கீழேயிருந்த காப்பிக்கடையில் நின்றபடி, கத்தரிக்காய் விலை சொல்வதுபோல இதைச் சொல்வார். "ஜனவரின்னா கரண்டி வச்சு அள்ளலாம்" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, காப்பிச் செலவை அவர் தலையிலேயே கட்டினார்கள்.

அவர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுக்கும் ஒர்னெல்லா, கோடையில் குடையோடும் குளிர்காலத்தில் ரப்பர் பூட்ஸோடும்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய தட்டச்சு எந்திரம் வருடந்தோறும் துருப்பிடித்துச் செத்தது. பெருக்குகிற அம்மாள் ஒருமுறை அலமாரிக்குப் பக்கத்தில் பிடித்து வைத்த பனிப்பொம்மை, ஈஸ்டர் தாண்டியும் கரையாமல் நின்றது. எல்லோரும் அதன் தலையில் தொப்பியை மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அலுவலகத்தில் நம்பாதவர் ஒருவர்தான்: வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் தலைவர் துல்லியோ ரவசேங்கா. காப்பியில் ஊற்றும் பாலையே முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிதர். அல்தோ வார்சாவிலேயே இல்லை, இத்தாலிக்குள்ளேயே உதினே ஊரில் அக்காள் வீட்டு அடுப்படியில் சோளக்களி தின்றுகொண்டு, செய்தி நிறுவனங்களின் சரக்கைத் திருடி ஒப்பிக்கிறார் என்பது அவர் முடிவு. அல்தோவின் செய்தி எதுவானாலும் வானிலையில்தான் தொடங்கும். அங்கே இருப்பதுபோல் காட்ட ஜோடனை என்று ரவசேங்கா முதலில் அந்த வரியைத்தான் சிவப்புப் பென்சிலால் அடிப்பார். அவருடைய இருமல் கேட்டதுமே அல்தோ தொலைபேசியை வைத்துவிடுவார். அறைக்குள் நுழைந்தால் ஈர மேஜை மட்டும் இருக்கும்.

"அவரு அங்கதாங்க இருக்காரு" என்றாள் ஒர்னெல்லா. "இந்தக் குளிர உதினேயில செய்ய முடியுமா?"

"ஐஸ்பெட்டியில செய்யலாம்மா. உன் வீட்லயும் ஒண்ணு இருக்கு."

ஒரு கோடையில் ரவசேங்கா சொல்லாமல் கொள்ளாமல் வார்சாவுக்கே போனார். அல்தோ இறைச்சி வாங்க வரிசைக்குப் போயிருப்பதாகக் கட்டடக் காவல்காரி சொன்னாள். வரிசை அடுத்த வாரம்வரை நீண்டது. ரவசேங்காவின் விமானம் அதுவரை நிற்கவில்லை. ஆளில்லாத வீட்டைக் கண்ணால் கண்டதாக முதலாளியிடம் சொன்னார். வருடக் கடைசியோடு வார்சா வேலையை மூடிவிட்டு, அல்தோவை மரண அறிவிப்புப் பகுதியில் உட்காரவைப்பது என்று முடிவானது.

அந்த டிசம்பரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போலந்தில் ராணுவம் தெருவில் இறங்கியது. நாட்டின் தொலைபேசி இணைப்புகள் மொத்தமும் துண்டிக்கப்பட்டன. உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் ஊமைத் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ரவசேங்கா சுருக்கெழுத்து அறைக்கு வந்து கைகட்டி நின்றார்.

"உதினே லைன் நல்லாத்தானே இருக்கு. கூப்பிடட்டும், பார்க்கலாம்."

மணி அடித்தது. ஒர்னெல்லா எடுப்பதற்குள் அவரே எடுத்தார். குரல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பனி கொட்டத் தொடங்கியது. அவர் மேஜைக்கு அடியில் குனிந்து ஐஸ்பெட்டியைத் தேடினார். நிமிர்ந்தபோது மேஜை வெள்ளையாகியிருந்தது. அந்த வெள்ளையின் குறுக்கே, தீப்பெட்டி அகலத்தில், டாங்கிச் சக்கரத் தடங்கள் தாமாகவே பதிந்துகொண்டு போயின. டீசல் நாறியது. தடங்களுக்கு ஓரமாக எறும்பளவுக் காலடிகள், இடதுகால் சற்றே இழுத்தபடி, ஓடிவந்து மைக்கூட்டின் அருகில் நின்றன. அல்தோ இடதுகாலை இழுத்துத்தான் நடப்பார். காலடிகள் நின்ற இடத்தில் மட்டும் பனி விழவில்லை. யாரோ அங்கே குனிந்து நின்று தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ரவசேங்கா இருமலை அடக்கிக்கொண்டார். சிவப்புப் பென்சிலை எடுத்து, "வார்சாவில் பனி பெய்கிறது" என்று எழுதினார். மீதியை மேஜையைப் பார்த்துப் படித்துச் சொல்ல, ஒர்னெல்லா எடுத்துக்கொண்டாள்.

முதலாளி அடுத்த தொலைபேசியில் கத்தினார். லைனே இல்லாத ஊரிலிருந்து இதை யார் சொன்னது, நீயே கட்டிவிட்டதா என்று கேட்டார்.

ஒர்னெல்லா தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி ரவசேங்காவின் பக்கம் தள்ளினாள். அவர் காலை நுழைத்துக்கொண்டே முதலாளிக்குப் பதில் சொன்னார்.

"புருசாதின்தாங்க. அவரு அங்கதான் இருக்காரு. பனி பெய்யுறது நெசந்தாங்க, எனக்கு முழங்கால் வரைக்கும் வந்துருச்சு."