வலையில் பட்டது

என் கணவர் மில்ரனை நான் மூன்று நாள் ஏசிப் பேசித் தீர்த்தேன். சும்மா பேச்சல்ல. தாழ்வுபாட்டுக் கரையில் மீன் காயப்போடுகிற பெண்கள்கூட நிமிர்ந்து பார்க்கிற பேச்சு. எனக்கு, இந்த அன்ரோனெற்றுக்கு, வாய் அதிகம் என்று ஊருக்கே தெரியும். அவருக்கும் கலியாணத்துக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கட்டினார், ஆகவே அதில் என் பிழை ஒன்றுமில்லை.

பேச்சுக்குக் காரணம் ஒரு சிவப்பு விளக்கு.

இருபது வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறவர் அவர். தண்ணீரில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனிக் கரையிலேயே கார் வேலை செய்யலாம் என்று ஆசைப்பட்டார். ஆனால் படகுக்காரனிடம் முதல் காரை யார் விடுவார்கள்? நான் போய் என் அண்ணன் கொன்ஸ்ரன்ரைனைப் பிடித்தேன். அவருடைய பழைய கார் நீலப் புகை கக்கிக்கொண்டு நின்றது. "மில்ரனிட்டை விடுங்கோ அண்ணை, புதுசாக்கித் தருவார்" என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

அவர் எஞ்சினை இறக்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, புது ரிங், புது பேரிங் போட்டு ஏற்றினார். மூன்று கிழமை வேலை. எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சட்டியை, சம்ப் என்பார்கள், அதைப் பூட்டிய நாளில் தாங்கிப் பிடித்ததுகூட நான்தான். காரை எடுத்தோம். அப்படி ஒரு இதமான சத்தம். கோவில்வரை போய்த் திரும்பும்போது சுக்கானுக்கு முன்னால் அந்தச் சிவப்பு ஒயில் விளக்குப் பற்றியது. ஒயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஓடினால் புது எஞ்சினை இரும்புக் கடைக்குத்தான் கொடுக்கவேண்டும்.

அண்ணன் கேள்விப்பட்டு வந்தார். "வெள்ளி காலமைக்குள்ளை சரிவரேல்லையெண்டா ரவுண் கராச்சுக்குக் கட்டியிழுத்துக்கொண்டு போறன், மச்சான். கோவியாதையுங்கோ" என்றார். அந்தக் கார் கயிற்றில் போவதை ஊர் பார்த்தால் மில்ரனிடம் இனி ஒரு மோட்டார் சைக்கிள்கூட வராது. அவர் திரும்பவும் கடலுக்குள் இறங்கவேண்டும். முழங்காலுக்கு இரவில் எண்ணெய் தடவுகிறவள் நான். எனக்குப் பயம். பயம் வந்தால் நான் அழுவதில்லை, பேசுவேன்.

"பேரிங்கைப் பிழையாப் போட்டிருப்பியள்! அவசரப்படாதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"ஓம், சொன்னனி" என்றார். சொல்லிவிட்டுச் சாவியைத் தேடினார். அது எனக்கு இன்னும் கோபம்.

செவ்வாய்க்கிழமை விளக்கை எரிக்கிற சுவிட்சை மாற்றினார். விளக்குப் பற்றியது. புதன்கிழமை வேறு ஃபில்டர் போட்டார். பற்றியது. வியாழன் காலை, அழுத்தம் காட்டுகிற கேஜ் ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டி, என் கையில் தந்தார்.

"முள்ளைப் பார்த்துச் சொல்லு."

"நாலு" என்றேன். பத்து நிமிடம் ஓடிச் சூடேறியது. "மூண்டு." அவர் காலால் மிதியை அமுக்க அமுக்க எஞ்சின் இரைந்தது, முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. "ரெண்டு... ஒண்டு! நிப்பாட்டுங்கோ!"

நிற்பாட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரீ ஒண்டு தாவன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கேத்திலை எறிந்திருப்பேன். போட்டுக் கொடுத்தேன். ஆறுதலாகக் குடித்துவிட்டு வந்து திரும்பவும் எடுத்தார். எஞ்சின் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. முள் நேரே நாலில் போய் நின்றது.

அவர் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. "அன்ரோனெற், பேரிங் பிழையெண்டா நான் ரீ குடிச்சாப்போலை சுகம் வருமே? ஓடேக்கை ஏதோ வந்து ஒயில் உறிஞ்சிற வாயை அடைக்குது. நிப்பாட்ட, விழுந்துபோகுது."

காரை உயர்த்தி, அடியில் படுத்து, ஒயிலை வடித்துச் சம்பைக் கழற்றினார். ஒயிலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும்.

"வலையிலை என்ன பட்டிருக்கு?" என்று கேட்டேன். எங்களுக்கு எந்த வலையென்றாலும் கேள்வி அதுதான்.

அவர் விரலை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு, "பேஸ்ட் கட்டியள். அளவுக்கு மிஞ்சிப் பூசிப்போட்டன்" என்றார். விரலால் வழித்து எதையோ துணியில் சுருட்டினார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து நின்றார். "என்ன மச்சான், என்ன பிழையாம்?"

"என்ரை பிழைதான். சம்ப் ஒட்டுற பேஸ்டைக் கூடப் பூசிப்போட்டன். உள்ளை பிதுங்கி வலையை அடைச்சுப்போட்டுது."

"நான் நினைச்சனான்! கடல்காரன் கை, தண்ணி வருமெண்டு அப்பியிருப்பியள்" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் போனார்.

நான் துணியைப் பறித்து விரித்தேன். உள்ளே இருந்தவை வெள்ளைக் கட்டிகள். மில்ரன் பூசியது கறுப்புப் பேஸ்ட். மெல்லிய கோடாகத்தான் பூசினார். சம்ப் பூட்டிய அன்றைக்கு அவரை யாரோ கரைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போன இடைவெளியில், இது போதாதே என்று படகு வேலைப் பெட்டியிலிருந்து, தண்ணீர் ஒழுகாமல் பூசுகிற வெள்ளைச் சிலிக்கனை எடுத்து, உள்விளிம்போடு இன்னொரு சுற்றுப் பூசியவள் நான். என் அப்பா படகுக்கு இரண்டு சுற்றுத்தான் பூசுவார். கடல் தண்ணீருக்கு அது அசையாது. சூட்டு ஒயிலுக்கு உரிந்து வந்துவிட்டது.

எனக்கு வாயடைத்துப் போனது. அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"தெரிஞ்சுகொண்டே அண்ணைக்கு அப்பிடிச் சொன்னியள்?"

"பின்னை? மூண்டு நாளாய்த் தொண்டை கட்டப் பேசினனி. நீ பூசினதெண்டா இனி ஆரைப் பேசுவாய், பாவம்" என்றார் காருக்கு அடியிலிருந்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வலையைக் கழுவி, விளிம்பைச் சுரண்டித் துடைத்து, கறுப்புக் குழாயை என் கையில் வைத்தார். "நீயே பூசு. மெல்லிசா, வெளியாலை." நூல்போல ஒரே கோடாகப் பூசினேன். பொழுதுபட முள் நாலில் நின்றது, எவ்வளவு அமுக்கியும் இறங்கவில்லை.

வெள்ளி காலை அண்ணன் காரை எடுத்துவிட்டு, வாசலில் நின்ற நாலு பேருக்குக் கேட்க, "கடல்காரன் கைக்குக் கொஞ்சம் உப்புத்தண்ணிக் கறள் பிடிச்சிருந்தது, இப்ப போட்டுது" என்றார். நான் கார்க் கண்ணாடியில் தட்டினேன்.

"அது இவர் பூசினதில்லை அண்ணை. வெள்ளைச் சிலிக்கன். நான் பூசினது. இவர் செய்த வேலையிலை ஒரு பிழையுமில்லை. கண்டுபிடிச்சதும் இவர்தான்."

பிழை என்னுடையது என்று நான் சொல்லி அண்ணன் கேட்டதேயில்லை. என்னைப் பார்த்தார், மில்ரனைப் பார்த்தார், கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை அடம்பன் ஊரிலிருந்து யோகராசா என்ற, வயல் செய்கிற கமக்காரர் ஒரு வான் வண்டியோடு வந்து இறங்கினார். "கொன்ஸ்ரன்ரைன் அண்ணை அனுப்பினவர். வேலையெண்டா மில்ரன்தான் எண்டு சொன்னவர்" என்றார். பிறகு என்னைக் கண்டு கொஞ்சம் தயங்கி, "சம்ப் பூட்டேக்கை மட்டும் தங்கச்சியைக் கிட்ட விடவேண்டாமெண்டும் சொன்னவர்" என்றார்.

மில்ரன் சிரிக்காமல் கையைத் துடைத்தார். "அப்ப வேறை ஆளைத்தான் பாக்கவேணும் அண்ணை. எங்கடை கராச்சிலை சம்ப் பூட்டுறது அவதான்."