கடைசி வரிசை நாற்காலி

சிராஜ் பாய்க்குத் தும்மல் வந்தது. வீடே ஓடி வந்தது.

மெஹர்னிசா அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கட்டிலில் கிடந்த சின்னத் தலையணையை எடுத்துக் கணவரின் மார்பில் வைத்து, அவர் இரண்டு கைகளையும் இழுத்து அதன்மேல் சேர்த்தாள். "இறுக்கிப் புடிங்க. இன்னும் இறுக்கி." மகன் நியாஸ், காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், ஒரு காலில் ஷூவோடு வாசற்படியில் நின்றான். சிராஜ் பாயின் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, இதயத்துக்கு மாற்றுப்பாதை போட்டு, மறுபடி கம்பியால் கட்டி அனுப்பியிருந்தார்கள். இருமினாலும் தும்மினாலும் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எலும்பு விலகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தும்மல் மூக்கு நுனிவரை வந்தது, கொஞ்சம் யோசித்தது, திரும்பிப் போய்விட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. சிராஜ் பாய் அழுதார்.

இந்த அழுகைதான் அவருக்குப் புரியவில்லை. வலிக்காக அழுதால் ஒரு நியாயம் இருக்கிறது. இது சும்மா வந்தது. டிவியில் சிமெண்ட் விளம்பரம் பார்த்தால் வந்தது. வெளியே எவனோ லாரியை ரிவர்ஸ் எடுத்தால் வந்தது. "இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சகஜம்" என்றார் டாக்டர், ஏதோ வண்டி சர்வீசுக்குப் பிறகு இன்ஜின் சத்தம் மாறுவதைப்போல.

சிப்காட் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு கொடுக்கிற சிராஜ் டிரேடர்ஸ் முதலாளி அவர். கும்மிடிப்பூண்டி பஜாரில் நின்று அவர் "ஏய்" என்றால் ரயில்வே கேட்டில் போகிற லாரி நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு; அந்தப் பேச்சைப் பெரும்பாலும் அவரேதான் பேசுவார். இப்போது தொண்டையில் குழாய் போட்டெடுத்ததில் குரல் பீங்கானில் கரண்டி உரசுகிற மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் மோதிரத்தால் தட்டுவார்.

பள்ளிவாசலில் அவர் முத்தவல்லி. நிர்வாகமே அவர்தான். முதல் வரிசையில் இமாமுக்கு நேர் பின்னால் அவர் நிற்பார். பள்ளிவாசலில் யாருக்கும் தனி இடம் கிடையாது என்பது மார்க்கம். அந்த இடத்தில் வேறு யாரும் நிற்க மாட்டார்கள் என்பது கும்மிடிப்பூண்டி.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அவர் போயாக வேண்டும். வருகிற மாதம் நிர்வாகத் தேர்தல். பார்க்க வந்தவர்கள் கொண்டு வந்த ஆப்பிளைவிட அவர்கள் பார்த்த பார்வைதான் அவரை அரித்தது. ஒவ்வொருவரும் சலாம் சொல்லிவிட்டு முதலில் அவர் சட்டைப் பட்டனைப் பார்த்தார்கள், உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப்போல. "என் சகலை இதே பைபாஸ் பண்ணிக்கினு மூணாம் மாசம் வாலிபால் ஆடினாரு பாய்" என்றார் ஒருவர். அந்தச் சகலை இப்போது எப்படி இருக்கிறார் என்று மெஹர்னிசா கேட்டாள். "அவரு போய்ச் சேந்துட்டாரு. அது வேற மேட்டரு."

முதல் வரிசையில் போய் நின்றுவிட்டால் எல்லா வாயும் அடைபடும். ஒரே ஒரு சிக்கல். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தா இப்போதைக்குக் கூடாது, கையை ஊன்றி எழவே கூடாது, நாற்காலியில் தொழுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்காலிக்காரர்களின் இடமோ கடைசி வரிசை. அந்தச் சட்டத்தைப் போட்டவர் சிராஜ் பாய்.

முட்டிவலிக்காரர்கள் பெருகி, முன் வரிசையெல்லாம் நாற்காலியாகிக் கல்யாண மண்டபம்போல இருக்கிறது என்று போன வருடம் கூட்டத்தில் முழங்கினார். நாற்காலிகள் எல்லாம் பின்னால், செருப்பு ஸ்டாண்டு ஓரமாக. அதோடு விட்டாரா? பெரிசுகள் சாய்ந்து குறட்டை விடக்கூடாது என்று, கை வைக்கும் சட்டம் இல்லாத குள்ள நாற்காலிகளாகப் பார்த்து வாங்கி அன்பளிப்புச் செய்தார். ஒவ்வொன்றிலும் முதுகு சாயும் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் 'அன்பளிப்பு: சிராஜ் டிரேடர்ஸ்'.

அவர் பள்ளிவாசல் செயலாளர் ரஃபிக்குப் போன் போட்டார்.

"ரஃபி, அந்த நாற்காலி விஷயம். கொஞ்சம் தளர்த்தலாமான்னு…"

"இன்னா பாய், சத்தமே வரல. யாரு பேசறது?"

"நான்தான்டா. முத்தவல்லி."

"அட, நீங்களா! உடம்ப பாத்துக்கங்க பாய். ரூலுதானே? நீங்க போட்டது. எங்க வாப்பா முட்டி வலியோட கெஞ்சினாரே, அப்பவே நீங்க மாத்தல. இப்ப உங்களுக்குன்னு மாத்தினா ஊரு இன்னா பேசும்? உங்க மரியாதைக்குத்தான் சொல்றேன்."

மரியாதை என்ற சொல்லை ரஃபி ஒரு வடையைப்போல எண்ணெய் வடியவைத்துக் கொடுத்தான்.

வியாழக்கிழமை மதியம், வீட்டில் எல்லோரும் அசந்த நேரம், சிராஜ் பாய் அறைக்கதவைச் சாத்திவிட்டு விரிப்பைப் போட்டார். நிற்க முடிந்தது. குனிய முடிந்தது. மெல்ல முட்டி போட்டார்; அதுவும் முடிந்தது. நெற்றியை இறக்கியபோது மார்புக்குள் ஏதோ 'டிக்' என்றது. அவ்வளவுதான். கையை ஊன்றவும் பயம், ஊன்றாமல் எழவும் வழியில்லை. கட்டிலுக்கடியில் எப்போதோ தொலைந்த ரிமோட் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கூப்பிட்டார், குரல் விரிப்பைத் தாண்டவில்லை. மோதிரத்தால் தரையைத் தட்டினார்.

மெஹர்னிசா வந்தாள். பின்னால் போய் அவர் இடுப்பைக் கட்டித் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள். அவர் கால் வீங்கியிருந்தது. மாற்றுப்பாதை போட அதிலிருந்துதான் நரம்பை உருவியிருந்தார்கள்.

"ஒரு வாரம் ஊட்லயே தொழுதா அல்லாஹ் கோச்சிக்குவானா?"

"அவன் கோச்சிக்க மாட்டான்" என்றார் சிராஜ் பாய். "ரஃபி முதல் வரிசைக்கு வந்துடுவான்."

அவள் சிரித்திருக்கலாம். அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். முன்பெல்லாம் அந்த முகத்தைத் தொட அனுமதி கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நியாஸ் காரில் கூட்டிப்போனான். "தலகாணிய எடுத்துக்கங்க வாப்பா" என்றான். பூப்போட்ட உறை. முத்தவல்லி பூப்போட்ட தலையணையைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் போவதா? "கார்லயே இருக்கட்டும்." வண்டியை நிறுத்த இடம் தேடி நியாஸ் போய்விட்டான். செல்போனை உள்ளே உயிரோடு வைத்திருக்கக் கூடாது என்பதும் பாயின் சட்டம்தான். அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே முன் வரிசையில் அவர் இடம் காலியாக இருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே, வெயில் படாத இடத்தில், அவருக்காகவே விட்டு வைத்திருந்தார்கள். கால் அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. மார்பு மறுபடி 'டிக்' என்றது. யாரும் திரும்பிப் பார்க்கும் முன்னால் சிராஜ் பாய் செருப்பு ஸ்டாண்டு ஓரமாகப் போய், தன் பெயர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி இத்தனை பள்ளம் என்று வாங்கும்போது தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் ரஃபியின் வாப்பா. தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வா சிராஜூ. சாயாதே. இந்தப் பெயிண்டு வெயிலுக்கு இளகும். புதுசுல ஜிப்பாவுல அப்பிக்கினு, உன் பேர முதுவுல சொமந்துக்கினு ஊட்டுக்குப் போனேன். மருமவ துவைச்சுத் துவைச்சுப் பாத்தா. போவல."

பயான் உரை முடிவில் இமாம் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னார்: "நம்ம முத்தவல்லி சாப் அல்லாஹ்வின் கிருபையால் குணமாகி, இன்று முதல் வரிசைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்காக துஆ செய்வோம்." கூட்டம் முழுவதும் ஆமீன் சொன்னது. முதல் வரிசையில் இருந்த காலி இடத்துக்கு நல்ல ஆயுள் வேண்டப்பட்டது. சிராஜ் பாயும் ஆமீன் சொன்னார். என்ன செய்வது?

தொழுகைக்கு எழுந்தார்கள். "வரிசையில இடைவெளி விடாதீங்க" என்றார் இமாம். அது சிராஜ் பாய் வாரம் தவறாமல் கத்துகிற வாசகம். இரண்டாம் வரிசையில் நின்ற ரஃபி இடமும் வலமும் பார்த்தான். ஒரே ஒரு அடி முன்னால் வைத்தான். இடைவெளி மூடிக்கொண்டது. பின்னாலிருந்து பார்க்கையில் எது அவர் இடம் என்றே தெரியவில்லை.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் கூட்டம் வாசலுக்குத் திரண்டது. அவர் முகத்துக்கு நேராக இடுப்புகளும் கைலிகளும் போயின. செருப்பு எடுக்கும் அவசரத்தில் யாருக்கும் கீழே பார்க்க நேரமில்லை. எழ முயன்றார். கைச்சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. தொடையால் எம்பினார், நரம்பு உருவிய கால் நடுங்கி அவரைத் திரும்ப உட்காரவைத்தது. வெளியே காத்திருக்கும் மகனை "நியாஸ்" என்று கூப்பிட்டார். லாரியை நிறுத்துகிற குரல் முழங்கால்வரை போய் நின்றது. பையில் போன் இருந்தது; அதை உள்ளே உயிர்ப்பிக்க அவர் போட்ட சட்டமே விடவில்லை.

"இன்னா அவசரம்?" என்றார் ரஃபியின் வாப்பா. "எங்களுக்கும் எந்திரிக்க வராது. யாராச்சும் செருப்பக் காணோம்னு தேடிக்கினு உள்ள வருவாங்க. வந்தாத் தூக்கி உடுவாங்க."

"வரலன்னா?"

"வருவாங்கப்பா. செருப்பாச்சே."

ஸ்டாண்டு காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பெரிசுகளின் ரப்பர் செருப்புகளும், குனிய முடியாதவருக்காக நியாஸ் வாங்கிக்கொடுத்த வார் இல்லாத புதுச் செருப்பும், ஜோடி இல்லாத ஒற்றைத் தோல் செருப்பும் மிஞ்சின. வாசலில் நிழல் விழுந்தது. ரஃபி. அந்தத் தோல் செருப்பின் ஜோடியைக் கையில் பிடித்தபடி, மற்றதைத் தேடிக்கொண்டு வந்தவன், கடைசி வரிசையைப் பார்த்து நின்றான்.

"பாய்… நீங்க இங்கயா இருந்தீங்க?"

ஓடிவந்து, செருப்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்து இழுபட்டால் மார்புக் கம்பி என்ன ஆகும் என்று சொல்ல சிராஜ் பாய் வாயைத் திறந்தார். மூக்கின் அடியில் எங்கோ ஒன்று புறப்பட்டது. தலையணை காரில் இருந்தது. அவர் ஒரு விரலை உயர்த்தி, ரஃபியைப் பொறுக்கச் சொன்னார். இரண்டு கைகளையும் தன் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார். ரஃபி செருப்போடு குனிந்தபடி நின்றான். பெரியவர் தலையை ஆட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். தும்மல் மூக்கு நுனிவரை வந்து, யோசித்துக்கொண்டிருந்தது.