நிறவாரியாகச் சுற்றி வைத்த வயர்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. போன மாதம் ஒரு சிற்றிதழ் ஆசிரியர் இசைச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார். எனக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். அது உண்மை. அதனால் எழுத எதுவும் இல்லை என்றேன். அது பொய். ஒன்பது வருடமாக ஒரே கதையை எழுதி எழுதி, முடிக்கத் தெரியாமல் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது 1997. நடந்தது 1988 டிசம்பரில். நான் நினைக்கிற மாதிரிதான் நடந்ததா என்பதில் போன வாரத்திலிருந்து ஒரு குழப்பம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இதில் வரும் யூனிஸ் அக்கா நன்றாக இருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாப் பத்திரிகையும் படிக்கிறார். அவர் என்ன நினைப்பாரோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். பயந்து எழுதுகிறவன் நேராக எழுத மாட்டான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "ராஜகீழ்ப்பாக்கத்தில் சாயங்காலம் ஆறு மணி ஆனதும் உலகத்தின் சுருதி அரைக்கட்டை இறங்கிவிடும்."

(பார்க்க நல்ல வரி. ஆனால் அடித்துவிட்டேன். உலகத்தின் சுருதி எல்லாம் இறங்கவில்லை. லாசரஸ் அண்ணனுடைய மெஷினின் சுருதிதான் இறங்கியது. எல்லார் வீட்டிலும் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் குறையும், அவ்வளவுதான் விஷயம்.)

தொடக்கம் இரண்டு: "லாசரஸ் என்ற டிவி மெக்கானிக் தன் அக்காவுக்காக ஒரு குரலைச் செய்து"

(இதை முடிக்கவில்லை. அக்காவுக்காகச் செய்தாரா, தன் ஆசைக்குச் செய்தாரா என்று எனக்கே தெரியாததால் பேனா நின்றுவிட்டது.)

2, மறுபடியும்

சரி, ஜோடனை வேண்டாம்.

தாம்பரம் - வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே ஐந்து நிமிடம் நடந்தால் அந்த வீடு. பின்பக்கம் இருந்த ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். வயது இருபத்தேழு. பகலில் குமாஸ்தா, மற்ற நேரத்தில் எழுத்தாளன் என்று நினைப்பு. முன்பக்கம் லாசரஸ் அண்ணனும் அவருடைய அக்கா யூனிஸும். அண்ணன் கிழக்குத் தாம்பரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவர். இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் ஒரு ஆபரேஷன். கட்டி போனது, உயிர் பிழைத்தது, குரல் மட்டும் திரும்பி வரவில்லை. பேசினால் வெறும் காற்றுதான். பக்கத்தில் போய் நின்றால் காற்றுக்குள்ளே சொல் கேட்கும். வகுப்பு எடுக்க முடியாது என்று நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அண்ணன் செய்த மெஷின் ஒரு சிந்தசைசர், கரண்டில் இசைச் சத்தம் எழுப்புகிற கருவி. கடையில் விற்பதுபோல் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் எல்லாம் அதில் கிடையாது. பழைய வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளில் வந்த சர்க்யூட் படங்களைப் பார்த்து, ரிட்சி தெருவுக்கு ரயிலேறிப் போய் சாமான் வாங்கி வந்து, ஒவ்வொரு டப்பாவாக இரண்டு வருடம் செய்தார். ஒரு டப்பா சத்தத்தை எழுப்பும். ஒன்று, ஃபில்டர், அதை வடிகட்டும். இன்னொன்று அது எப்போது எழும்ப வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று சொல்லும். மொத்தம் ஒன்பது டப்பா, ஓர் இரும்பு ரேக்கில். தனியாக எதற்கும் பேச்சு வராது. ஒன்றின் ஓட்டையிலிருந்து இன்னொன்றின் ஓட்டைக்கு வயர் சொருக வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் சத்தம். பிடுங்கினால் போச்சு. அந்த மெஷினுக்கு ஞாபகம் என்ற ஒன்றே இல்லை.*

* டேப்பில் பதிந்து வைத்திருக்கலாமே என்பீர்கள். பதிந்தார்கள். அண்ணனின் டூ-இன்-ஒன்னில் 'ம்ம்ம்' என்ற கரண்ட் இரைச்சல்தான் விழுந்தது. எந்த வயர் எங்கே என்று படம் போட்டு வைத்திருக்கலாமே என்பீர்கள். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றார்கள். நான் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள்.

3

அண்ணனுக்கு மெஷின் எதையாவது மாதிரி இருக்க வேண்டும்.

"இது வயலின் மாதிரி இருக்கா பாருங்க," என்று என்னைக் கூப்பிடுவார். இருக்காது. "நாதஸ்வரம்?" அதுவும் இருக்காது. ஸ்கூட்டர் கிளம்பாமல் முக்குவது மட்டும் அச்சாக வந்தது.

அக்கா அதில் உட்கார ஆரம்பித்தது நவம்பரில். அவருக்கு எதன் மாதிரியும் வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் ஒரு வயரை எடுப்பார், எங்கேயாவது சொருகுவார், கண்ணை மூடிக் கேட்பார், பிடுங்குவார்.

"அக்கா, அது தப்பான ஓட்டை. ஃபில்டர்லருந்து வர்றத திருப்பி அதுக்கே குடுக்குற. எரிஞ்சிடப் போவுது," என்றார் அண்ணன் ஒருநாள்.

"எரியட்டும்," என்றார் அக்கா, காற்றில்.

எரியவில்லை. மெஷின் முதலில் கத்தியது. அக்கா ஒரு குமிழை மயிரிழை திருப்பினார். கத்தல் மெலிந்தது. இன்னொரு வயர், இன்னொரு குமிழ். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, அம்மியில் மசாலா பதம் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் அந்தச் சத்தம் வந்தது.

அந்தச் சத்தம்

(இங்கே மூன்று உவமை எழுதி மூன்றையும் அடித்தேன். பாடத் தொடங்குவதற்கு முன் மூச்சை இழுத்து ஒரு கணம் நிறுத்துவோம் இல்லையா, அந்தக் கணத்துக்கு ஒரு சத்தம் இருந்து அது நீண்டால் எப்படி இருக்கும்? இதுவும் சரியில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்தது என்பதை எழுதிவிடுகிறேன். அது உவமை இல்லை.)

அக்கா பெரிய குமிழை மெல்லத் திருப்ப, அது ஒரு கீர்த்தனையின் முதல் வரியை வழுக்கிக்கொண்டே பாடியது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் கிட்டே போனேன்.

"கேட்டீங்களா தம்பி? இது நான்தான்."

பாடகர் குழுவில் சொல்லி, கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் ஒரு சரணத்தை அக்காவுக்கென்று ஒதுக்கினார்கள். ரேக்கை வயரோடு அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. அது வரையில் யாரும் அதைத் தொடக்கூடாது.

4

கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடிக்காத கிறிஸ்தவ வீடு அந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. புதுத்துணி கூடத் தள்ளிப் போகும், சுண்ணாம்பு தள்ளிப் போகாது. பெருங்களத்தூரிலிருந்து மாரி வருவார். அந்த சர்ச்சுக்காரர்களில் பாதிப் பேர் வீடு அவர் கைதான். டிசம்பர்தான் அவருக்கு வருடம்.

பதினேழாம் தேதி, சனிக்கிழமை. அண்ணன் காலையிலேயே கடைக்குப் போய்விட்டார். அக்கா அதன் பிறகு பாடகர் குழு ஒத்திகைக்குப் போய்விட்டார். சாமான்களை நகர்த்த உதவுகிறேன் என்று நான் இருந்தேன்.

"இன்னா சார், இவ்ளோ பெரிய ரேக்கு நடு ரூம்ல கீது? சுண்ணாம்பு தெறிச்சா என்னைக் கேக்கக் கூடாது," என்றார் மாரி.

"துணி போட்டு மூடினா போதும்னு அண்ணன் சொல்லியிருக்கார்."

மாரி ஏணியைச் சுவரில் சாய்த்தார். பிறகு ரேக்கின் பக்கம் போய், வழியில் தொங்கிக்கொண்டிருந்த வயரை

(நிறுத்துகிறேன். ஒன்பது வருடத்தில் இந்த வாக்கியத்தைப் பதினோரு விதமாக முடித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மாரிதான் பிடுங்குகிறார். ஒன்றில் கால் தடுக்கி, ஒன்றில் அவசரத்தில், ஒன்றில் நல்ல எண்ணத்தில். எதிலும் இந்த மாரி எனக்கு நம்பும்படியாக இல்லை. ஏணியை விட்டு இறங்காமல் முழுச் சுவரையும் முடிக்கிற ஆளுக்கு ரேக்கில் என்ன வேலை?)

5

நான்தான் பிடுங்கினேன்.

துணி போட்டால் வயர்கள் மடங்கிவிடும் என்று தோன்றியது. முப்பத்தொரு வயர். பிடுங்கினேன். அதோடு விட்டேனா? நிறவாரியாகப் பிரித்தேன். சிவப்பு சிவப்போடு, மஞ்சள் மஞ்சளோடு, கறுப்பு, பச்சை. ஒவ்வொரு கட்டையும் அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். ஈரத்துணியால் குமிழ்களைத் துடைத்தேன். குமிழ்கள் துடைக்கத் துடைக்கத் திரும்பின. அந்தந்த நிறத்தை அந்தந்த நிற ஓட்டையில் மறுபடி சொருகிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்த நிறங்களுக்கு ஓர் அர்த்தமும் இல்லை. ரிட்சி தெருவில் அன்றன்றைக்கு என்ன நிறம் கிடைத்ததோ அதை வாங்கியிருக்கிறார் அண்ணன். என் ஒழுங்கைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டு நின்றேன் என்பதை இன்று எழுதக் கூசுகிறது.

மத்தியானம் சாப்பிட வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். ரேக்கைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார்.

"யோவ், இறங்கு. யாரு உன்ன இதத் தொடச் சொன்னது?"

"நான் தொடலையே சார். மேலதான இருந்தேன்."

"வேற யாரு தொட்டா? அறிவிருக்கா உனக்கு? அது என்னன்னு தெரியுமா?"

மாரி இறங்கி வந்து என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். அது "நீதானே" என்ற பார்வையா, "நீங்களாவது சொல்லுங்க சார்" என்ற பார்வையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ரப்பர் பேண்ட் டப்பா என் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பாதிச் சுவர் வெள்ளையாகவும் பாதிச் சுவர் பழசாகவும் இருக்க, மாரி வாளியையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் சர்ச்சில் எல்லாரிடமும் சொன்னார். அந்த டிசம்பரில் மாரி அந்தப் பக்கம் எந்த வீட்டிலும் வேலை செய்து நான் பார்க்கவில்லை. அடுத்த டிசம்பரிலும் வேறு ஆள்தான் வந்தார்.

சாயங்காலம் அக்கா வந்தார். சுற்றி வைத்த வயர்களைப் பார்த்தார். சமையலறைக்குப் போய் டீ போட்டார். அதன் பிறகு அண்ணன் எட்டு நாள் முயன்றும் அந்தச் சத்தம் வரவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் அவர் பாடகர் குழுவில் நின்று உதட்டை அசைத்தார். கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு எதுவும் கேட்கவில்லை.

6

போன வாரம், முதல் பகுதி தவிர இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். அண்ணன் கல்யாணம் ஆகிப் பல்லாவரத்தில் இருக்கிறார். ரேக் இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. அக்கா படித்தார். பென்சிலை எடுத்து, ஐந்தாம் பகுதியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இது வேணாம் தம்பி. இது நடக்கல."

நான் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஒத்திகைக்குப் போறதுக்கு முன்னாடி நானே எல்லாத்தையும் புடுங்கித் தரையில போட்டுட்டுதான் போனேன். நீங்க பொறுக்கிச் சுத்தி வச்சீங்க. அவ்ளோதான்."

"ஏன்க்கா?"

"அது ரொம்ப நல்லா பாடுச்சு. அது பாட ஆரம்பிச்சா நான் இனிமே வாயத் தொறக்கவே வேணாம். எனக்குக் காத்தாவது இருக்கு இல்ல? அன்னைக்கு சர்ச்சுல நான் பாடினேன். பக்கத்துல நின்னவங்களுக்குக் கேட்டுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது போலவும் இருந்தது, கோபமும் வந்தது. ஒன்பது வருடம்.

"அப்ப மாரி? அண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கலாம். ரெண்டு வருஷம் அவன் கஷ்டப்பட்டுச் செஞ்சத நானே கலைச்சேன்னு சொல்ல மனசு வரல." பென்சிலைக் கீழே வைத்தார். "குரல் போனவளுக்குப் பேசாம இருக்குறது சுலபம் தம்பி. உங்களுக்குக் குரல் இருந்துச்சே."

7

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைக் கிளறினேன். 1989இல் எழுதிய முதல் பிரதியில் ஒரு வரி: "தரையில் கிடந்த வயர்களைப் பொறுக்கி". என் கையெழுத்துதான். நடந்ததை எழுதினேனா, தப்பிப்பதற்காக எழுதினேனா? பிடுங்கியபோது விரலில் பட்ட இறுக்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது நினைவா, பதினோரு பிரதி எழுதியதில் ஒட்டிக்கொண்டதா?

ஆகவே முடிவு ஒன்று: அக்கா சொல்வது உண்மை. அப்படியானால் ஐந்தாம் பகுதியின் முதல் பாதியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

முடிவு இரண்டு: என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அக்கா பொய் சொன்னார். அப்படியானால் அவர் போட்ட கோட்டை அழித்துவிடுங்கள்.

முடிவு மூன்று: இருவரும்

(இல்லை. எப்படி முடித்தாலும் மாரி பாதிச் சுவரோடு போகிறார். அந்தச் சத்தம் யாரால் போனது என்று ஒன்பது வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மாரி எங்கே போனார் என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை. அவர் ஊரான பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு எத்தனையோ தடவை மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன்.)

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இனி எழுதுவது ஒருவருக்கு மட்டும்.

மாரி, அன்று நீங்கள் ஏணி மேல் இருந்தீர்கள். நான் ரேக்கின் கிட்டே போனபோது வயர்கள் ரேக்கில் இருந்தனவா, தரையில் கிடந்தனவா என்பது உங்களுக்குத் தெரியும். வேறு யாரையும் இனி நம்ப முடியாது, என்னையும் சேர்த்துத்தான். இதை அன்றைக்கே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. இந்தக் கதையின் முடிவு உங்களிடம் இருக்கிறது. சொன்னீர்கள் என்றால் நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன். எங்களிடம் சொல்ல உங்களுக்கு இஷ்டமில்லை என்றால், அதுவும் நியாயம்தான்.