மேட்டில் நின்ற டெட்மேன்

ரோடு போடுகிறவர்களுக்குப் பேர் வைப்பதில் கூச்சமே கிடையாது. மேட்டை வெட்டும்போது பழைய மட்டம் தெரிவதற்காக நடுவில் ஒரு மண் தூணை வெட்டாமல் விடுவார்கள். அதை அளந்துதான் வெட்டிய மண்ணுக்குக் கணக்கு, அளந்ததும் இடித்துவிடுவார்கள். அந்தத் தூணுக்குப் பேர் டெட்மேன். உமாராணி வேலைக்கு வந்த புதிதில் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

தென்காசியிலிருந்து ஆய்க்குடிப் பக்கம் போகும் புதுச் சாலையை வரைந்தவள் அவள்தான். ஓரிடத்தில் சாலை மேடேறி இறங்குகிறது. உச்சியை எவ்வளவு நீளமாக வளைக்கிறோமோ அவ்வளவு தூரத்திலேயே எதிரே நிற்பது தெரியும். ஆனால் அவ்வளவு மண்ணும் வெட்ட வேண்டும். பள்ளத்தை நிரப்பியது போக மிச்ச மண்ணை எங்கே கொட்டுவது என்று காண்ட்ராக்டர் மூக்கால் அழுதார். உமாராணி வளைவைச் சுருக்கினாள். வெட்டிய மண்ணும் நிரப்பிய மண்ணும் அச்சாகப் பொருந்திப் போயின. அன்றைக்கு அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாரல் தூறிய ஒரு காலையில் ஜீப்பில் அந்த மேட்டில் ஏறினாள். உச்சியைத் தாண்டியதும் முகத்துக்கு நேரே டெட்மேன் நின்றது. ஆள் உயரம். அவள் போட்ட கத்தலில் டிரைவர் சுடலையாண்டி பிரேக்கை மிதித்தார்.

“டெட்மேன இன்னும் இடிக்கலியா அண்ணாச்சி?”

“அளந்த அன்னைக்கே இடிச்சாச்சே மேடம். இங்கன ஒண்ணும் இல்லியே.”

இறங்கித் தேடினாள். வெறும் செம்மண்தான் கிடந்தது.

மறுநாளும் அது நின்றது. அதற்கடுத்த நாள் அதற்குத் தோள் இருந்தது. இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது. அவள் புருஷன் மகாராஜாவுக்கு, போலீஸ் பயிற்சியில் விழுந்ததிலிருந்து, தோள் அப்படித்தான். சாலை திறந்தால் அவன் தினமும் பைக்கில் போகப்போவதும் இதே வழிதான்.

நேரே காண்ட்ராக்டரிடம் போனாள்.

“வளைவ நான் சுருக்குனது தப்பு. மேட்ட இன்னும் வெட்டணும்.”

“மண்ண எங்கன கொட்ட? என் தலையிலயா?”

“என் தலையில கொட்டுங்க. மேட்ட வெட்டுங்க.”

ஆபீஸில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் வெட்டினார்கள். சாலையும் திறந்தது. அதன் பிறகு அங்கே எதுவும் நிற்கவில்லை.

அடுத்த வருஷச் சாரலில் அதே ஜீப்பில் வந்துகொண்டிருந்தாள். உச்சிக்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிட்டது. நடுச்சாலையில் ஆள் உயரத்தில், சரிந்த தோளோடு அது நின்றது. இதற்குப் போய் இனிப் பயப்படுவதாக இல்லை. “நிறுத்தாதீங்க அண்ணாச்சி, போங்க” என்றாள்.

“எப்படிப் போக? அங்கன ஆளுல்லா நிக்காக?”

இந்தத் தடவை அவருக்கும் தெரிகிறது.

ஜீப் நிதானமாகப் போய் நின்றது. பைக் சறுக்கிக் கிடந்தது. பக்கத்தில் மகாராஜா, முழங்காலில் சிராய்ப்போடு. உமாராணி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பளபளவென்ற தார்ச்சாலையில், அவன் உடம்பெல்லாம் செம்மண்.

“எப்பம் விழுந்தீக?”

“இப்பம்தான்” என்றான். பிறகு அவளையே உற்றுப் பார்த்தான்.

“ஆனா உமா, ரொம்ப நாளா இங்கனயே நிக்க மாதிரி இருக்கு. நீ ஜீப்ல வருதே. என்னயப் பாத்துக் கத்துதே. எறங்கி எம்பக்கத்துலயே நின்னு தேடிட்டு, போயிருதே.”