பதினான்கு நாள் நோட்டீஸ்

"அதை மறைக்கக் கூடாது" என்றாள் பெல்மிரா.

உணவகத்தின் முன் ஜன்னலில் கறுப்பு மாலையை மாட்டுவதற்காக ஸ்டூலில் ஏறியிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்திலிருந்து வந்தவன். அவன் மாலையைப் பிடித்திருந்த இடத்துக்கு நேர் பின்னால், கண்ணாடியின் உட்பக்கம், ஆரஞ்சு நிறத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ப்ராட்கோவ் நகர மன்றம், பொது விசாரணை. பீர், ஒயின் பரிமாற உரிமம் கோரி விண்ணப்பம். விண்ணப்பதாரர்: ஆர்மிந்தோ ரபோசோ. செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி.

இன்றுதான் செவ்வாய்க்கிழமை. ஆர்மிந்தோவை அடக்கம் செய்யப்போவதும் இன்றுதான்.

"அடக்கம் முடியிற வரைக்கும்தானே மேடம்."

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ரோட்டுல போறவங்களுக்குத் தெரியணும். பதினாலு நாள் முழுசா. நடுவுல ஒரு மணி நேரம் மறைஞ்சாலும் ஆட்சேபம் வரும், விசாரணை தள்ளிப்போயிரும்."

அவன் இறங்கி மாலையைக் கதவில் மாட்டினான். கூடப் பிறந்தவன் செத்துக் கிடக்கும்போது சட்டம் பேசுகிறாளே என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். அந்த விதியைப் போட்ட மன்றத்தின் ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.

தாளின் கீழ் மூலையை அவள் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டாள். சனிக்கிழமையே அதன்மேல் மூன்று அடுக்கு டேப் ஒட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார், அதன்பிறகு எழவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவள் ஓடியபோது நினைவு இருந்தது. "டேப் பிரியுதான்னு பாரு" என்றார். "சமையல்கட்டு ஆவியில அந்தக் கீழ் மூலை நிக்கவே மாட்டேங்குது." பார்க்கிறேன் என்றாள். சனிக்கிழமை காலை போய்விட்டார். மூன்று மாதமாக அவள் சரியாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் அவளிடம் கடைசியாகப் பேசியது டேப்பைப் பற்றி.

ஆர்மிந்தோவின் உணவகத்தில் பதினோரு மேசைகள். மீன் குழம்பும் சிப்பியும் தின்ன வருகிறவன் அதோடு ஒரு கிளாஸ் ஒயின் கேட்பான். இல்லை என்றால் முகம் சுண்டிப்போய் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். ப்ராட்கோவுக்கு இத்தனை உரிமம்தான் என்று கணக்கு உண்டு. ஒருவர் கடையை மூடினால்தான் இன்னொருவருக்குக் கிடைக்கும். ஒன்பது வருஷம் காத்திருந்தார். போன குளிர்காலத்தில் பழைய சத்திரம் ஒன்று மூடியது. மார்ச்சில் அவர் விண்ணப்பம் விசாரணைக்கு வந்தது.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு, சாப்பாட்டு மேசையில், அண்ணன் கேட்டார். "நீ ஓட்டுப் போட முடியாதுன்னு தெரியும். தங்கச்சி போட்டா தப்பு. ஆனா கீழ இறங்கி வந்து, எல்லாரையும் மாதிரி மைக்ல ரெண்டு வார்த்தை சொல்லலாம்ல? எனக்கு அங்க நின்னா நாக்கு ஒட்டிக்குது."

"சட்டத்துல இடமில்லண்ணே" என்றாள் பெல்மிரா.

"அப்படியா. சட்டம்னா சட்டம்தான்" என்று அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டார்.

சட்டத்தில் இடம் இருந்தது. நகர எழுத்தர் மார்சி வெள்ளிக்கிழமையே போன் பண்ணிச் சொல்லியிருந்தாள், மேடையை விட்டு இறங்கிவிட்டால் ஊர்க்காரியாகப் பேசலாம் என்று. ஆனால் மே மாதம் தேர்தல். போன தடவை பெல்மிரா ஜெயித்தது நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில். போர்த்துகீசியக்காரி தன் ஆட்களுக்குத்தான் செய்வாள் என்று கடைத்தெருவில் ஏற்கெனவே ஒரு பேச்சு. வெட்கம்கெட்ட பயம், வேறொன்றுமில்லை.

விசாரணை அன்று இந்த ஓட்டிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய், காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடந்தது பிறகு காதில் விழுந்ததுதான். வண்டி நிறுத்த இடம் போதாது என்று இரண்டு உறுப்பினர்கள் சொன்னார்கள். சாயங்காலங்களில் சர்ச்சின் வண்டி நிறுத்துமிடத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஃபாதர் வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்திருந்தார். ஃபாதரிடம் அதைக் கேட்டு வாங்கியதே பெல்மிராதான். ஆர்மிந்தோவுக்கு மைக் முன்னால் அது வாயில் வரவில்லை. மீன் எங்கிருந்து வருகிறது, ரொட்டி எங்கே சுடப்படுகிறது என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்று நிமிஷம் முடிந்து கடிகாரம் அடித்துவிட்டது. "நன்றி, நன்றி" என்று உட்கார்ந்துவிட்டாராம். இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் தள்ளுபடி.

அந்தக் கடிகாரம் தக்காளி வடிவத்தில் சிவப்பாக இருக்கும். சமையல்கட்டில் திருகி வைப்பார்களே, அதுதான். அவள் முதல் தடவை ஜெயித்தபோது அண்ணன் தன் அடுப்பு மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. "உங்க ஆளுங்க பேச ஆரம்பிச்சா எங்க சூப் தீஞ்சுரும்" என்று சிரித்தார். மன்றத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டார்கள்.

மே மாதம் அவள் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தாள். அண்ணன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு விசாரணைக்குப் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை. தள்ளுபடியானதும் தொண்ணூறு நாள் பொறுத்து மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆர்மிந்தோ தொண்ணூற்றோராம் நாள் விண்ணப்பித்தார்.

இன்று காலை பத்து மணிக்குப் பூசை. பிறகு கல்லறைத் தோட்டம். கடலிலிருந்து காற்று வீசி ஃபாதரின் பேச்சில் பாதியைக் கொண்டுபோனது. அண்ணி இல்டா அழவில்லை. குழிக்குள் மண்ணைப் போட்டுவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்து, அதை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

மத்தியானம் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் உணவகத்தில் சாப்பாடு. இறைச்சி சூப், இனிப்பு ரொட்டி, வேகவைத்த முட்டைக்கோஸ். மேசைகளில் தண்ணீர் ஜாடி மட்டும். சாவு வீட்டில் ஒயின் இல்லாமல் சூப் குடிப்பதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் ஆண்கள் ஒவ்வொருவராகப் பின்கதவு வழியாகப் போய், முகம் சிவந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெல்மிரா குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனபோது, சர்ச்சின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு காரின் டிக்கியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் காகிதக் கோப்பைகளோடு நின்றிருந்தார்கள்.

"மெம்பரம்மா வர்றாங்க, டிக்கிய மூடு" என்றார் செராஃபிம். அண்ணனோடு இருபது வருஷம் ஒரே படகில் போனவர்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

"உனக்கா? வெட்டவெளியில குடிச்சா அம்பது டாலர் அபராதம். நீங்க போட்டதுதான்." சொல்லிக்கொண்டே ஊற்றினார். "ஆனா இது சர்ச் இடம். இங்க ஒங்க ராஜ்யம் செல்லாது."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை வண்டி நிக்குது பாரு" என்றார் செராஃபிம், கோப்பையால் சுட்டி. "இன்னும் இருபது நிக்கலாம். இந்த எடத்த ஃபாதர் விட்டுக்கொடுத்தாருன்னு அன்னிக்கு ஒருத்தர், ஒரே ஒருத்தர் எந்திரிச்சு சொல்லியிருந்தா போதும். நான் கடல்ல இருந்தேன். நீ எங்க இருந்த?"

"கார்ல" என்றாள் பெல்மிரா.

செராஃபிம் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் காலால் சரளைக் கல்லைத் தள்ளினார்கள்.

மூன்று மணிக்கு எல்லாரும் போன பிறகு அண்ணியும் அவளும் பாத்திரம் கழுவினார்கள். இல்டா கழுவ, பெல்மிரா துடைத்தாள். சாயங்காலம் இல்டா நேரில் போய் விண்ணப்பத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டு ஆள் யாரும் வராவிட்டால் விண்ணப்பம் அவரோடு செத்துவிடும். உரிமத்துக்கான வரிசையில் அடுத்து ஒரு ஓட்டல் கம்பெனி காத்திருந்தது. ஒயின் இல்லாமல் இன்னொரு குளிர்காலம் தாங்காது. அண்ணி கடையை விற்க வேண்டியதுதான்.

"அண்ணி. மார்ச்சுல ஒரு விஷயம்."

"ம்."

"நான் பேசியிருக்கலாம். சட்டத்துல இடம் இருந்துச்சு. அண்ணன்கிட்ட இல்லன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் இல்டா. கையிலிருந்த சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவருக்கும் தெரியும்."

பெல்மிராவின் கையில் துணி அப்படியே நின்றது. "எப்பலேர்ந்து?"

"நீ சொன்ன மறுநாளே. ஃபார்ம்ல கையெழுத்துப் போடப் போனப்ப மார்சி சொல்லியிருக்கா, உங்க தங்கச்சி பேசுறாங்கல்லன்னு. வந்து என்கிட்ட சொன்னாரு."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நானும் அதான் கேட்டேன். போய்க் கேளுங்க, சண்டை போடுங்கன்னேன். கேட்டா அவ ஆமான்னு சொல்லணும், அப்புறம் ஞாயித்துக்கிழமை சாப்பிட வரமாட்டான்னாரு." இல்டா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "நீ எப்படியும் வரல."

அண்ணி குழாயை மூடிவிட்டு உடை மாற்ற மாடிக்குப் போனாள். பெல்மிரா அங்கேயே நின்று ஏற்கெனவே துடைத்த தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. அழுதாள். மூக்கைப் பாத்திரத் துணியிலேயே துடைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு மன்றக் கூடத்தில் இருபது பேர்கூட இல்லை. மேடையில் பெல்மிராவின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நாற்காலி காத்திருந்தது. தலைவர் விட்கோம்ப் உரிமப் பகுதிக்கு வந்ததும் அவள் எழுந்து, "விலகுகிறேன்" என்றாள். பக்கவாட்டுக் கதவை மார்சி வழக்கம்போலத் திறந்து பிடித்தாள். பெல்மிரா அந்தப் பக்கம் போகவில்லை. மூன்று படி இறங்கி, இரும்பு நாற்காலி வரிசையில், கறுப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்த இல்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மார்சி கதவை மெல்லச் சாத்தினாள்.

பெயர் மாற்றம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. விண்ணப்பதாரர் இனி இல்டா ரபோசோ. வண்டி நிறுத்தும் கேள்வி மறுபடி எழுந்தது.

"பொதுமக்களில் யாராவது பேசணுமா?" என்றார் விட்கோம்ப்.

பெல்மிரா மைக்குக்குப் போனாள். உயரமான யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்; வளைத்து இறக்கினாள். கீழிருந்து பார்க்க மேடை இவ்வளவு உயரம் என்று அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாது.

நாற்பது வருஷமாக அவளைத் தெரிந்த விட்கோம்ப் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாராக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். "பெயர், முகவரி?"

"பெல்மிரா ரபோசோ. பதினாலு, காலன் சந்து."

"விண்ணப்பதாரருக்கு என்ன உறவு?"

"தங்கச்சி."

மார்சியின் பேனா நின்றது. விண்ணப்பதாரர் இப்போது இல்டா. மார்சி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

விட்கோம்ப் தக்காளியைத் திருகி வைத்தார். அது டிக் டிக் என்றது. மேடையில் இருக்கும்போது இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

"சர்ச்சோட வண்டி நிறுத்துற இடம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அவங்களுக்குத்தான். ஃபாதர்கிட்ட ரெண்டு வருஷம் முன்னாடி நானே கேட்டு வாங்கினேன். அறுபது வண்டி நிக்கும். இன்னிக்கு மத்தியானம் முப்பத்தாறு நின்னுச்சு, நானே எண்ணினேன்." நிறுத்தினாள். "மார்ச்சுலயே இதைச் சொல்லியிருக்கலாம். எங்கண்ணன் கேட்டாரு. எனக்குச் சட்டத்துல இடமில்லன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க, மார்சி."

அவ்வளவுதான். மூன்று நிமிஷத்தில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. விட்கோம்ப் கடிகாரத்தை நிறுத்தக் கையை நீட்டி, என்ன நினைத்தாரோ, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அது தானாக ஓடி மணி அடிக்கும்வரை அவள் மைக் முன்னால் நின்றாள்.

மூன்றுக்கு ஒன்று. உரிமம் கிடைத்துவிட்டது. எல்லாம் சேர்த்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜூன் மாதம், வெளியே வெளிச்சம் குறையவே இல்லை. இருவரும் துறைமுகத் தெருவில் நடந்து வந்தார்கள். உணவகத்தைத் திறந்ததும் இல்டா ஜன்னல் பக்கம் போனாள்.

"இனிமே எடுக்கலாமா?"

"எடுக்கலாம் அண்ணி."

"நீயே எடு."

மேல் மூலைகள் இரண்டும் சுலபமாக வந்தன. கீழ் இடது மூலையும் வந்தது. பெல்மிரா மூன்று அடுக்கு டேப் ஒட்டிய மூலை மட்டும் வரவில்லை. இழுத்ததில் தாள் கிழிந்து, ஒரு ஆரஞ்சுத் துண்டு கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அவள் மண்டியிட்டு நகத்தால் சுரண்டினாள். இல்டா மீதித் தாளை வாங்கி, அண்ணனின் பெயர் உள்பக்கம் வரும்படி நான்காக மடித்தாள்.

"விடு" என்றாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவல்ல. அப்ப எடுத்துக்கலாம்."

பெல்மிரா சரி என்றாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அந்த மூலையை, பிரியுதா என்று பார்ப்பதுபோல, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டாள்.