பின்னறையில் நாற்பது

அக்கா வீட்டுப் பின்னறையில் ஒருவர் நிற்கிறார். சுவரில் காதை வைத்தபடி நிற்கிறார். ஒன்றும் செய்வதில்லை, ஒன்றும் சொல்வதில்லை. காலை பத்து மணிக்கு மேல் வருவார், பொழுது சாயும்போது போய்விடுவார். இதை அக்கா தன் கணவரிடம் சொன்னாள். சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

திங்கட்கிழமை குழந்தையைத் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவது, அக்காவை மனநல மருத்துவமனையில் சேர்ப்பது என்று மாமா முடிவு செய்தார். குணமானதும் குழந்தை வரும் என்றார். குணமாகிவிட்டது என்று யார் சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

அக்கா தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், உன் மீட்டரை எடுத்துக்கிட்டு வாடா. இந்த வீட்டுக் காத்துல என்னமோ இருக்கு. இருக்கணும். இல்லைன்னா எனக்குத்தான் என்னமோ இருக்கு."

தம்பிக்கு வேலையிடத்தில் மூக்கன் என்று பெயர். அலுவலகம், பள்ளிக்கூடம், நிலத்தடி வண்டி நிறுத்தம் என்று எங்கே காற்று சரியில்லை என்றாலும் கையடக்கக் கருவியோடு அவன்தான் போவான். கருவியின் திரையில் இரண்டு வரி. மேல்வரியில் கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளைக் கொல்லும். கீழ்வரியில் மனிதர் விடும் மூச்சு.

அவன் போன அன்று நல்ல மழை. நனைந்த கோழி மாதிரி படியேறினான். அக்கா கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. மற்றொரு கையால் பையிலிருந்து கருவியை எடுத்துக் கூடத்திலேயே உயிர்ப்பித்தான்.

மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். நெற்றியைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள. நீங்க வர்றீங்கன்னதும் எனக்குத் தலைவலி வந்துடுச்சு. பேயைப் பிடிச்சு டப்பாவுல அடைச்சுடுவீங்களா?"

"பேய்க்கு வேற துறை மாமா. நான் காத்து மட்டும்தான்."

கையை நீட்டி, கருவியைத் தன் முகத்துக்கு எட்டாமல் பிடித்து, கூடத்தில் அளந்தான். பூஜ்யம். சமையலறை, பூஜ்யம். குளியலறை, பூஜ்யம்.

பின்னறைக்கு அவனுக்கு முன்னால் குழந்தை ஓடியது. இரண்டு வயதுப் பெண். நேராகப் போய் எதிர்ச்சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றது. சிரிக்கவில்லை. விளையாடுவது போலவும் இல்லை. அக்கா ஓடிப்போய் அதை வாரி எடுத்தாள்.

"பாருங்க," என்றார் மாமா வாசலில் நின்று. "அம்மாவைப் பார்த்துப் பழகியிருக்கு. இதுக்கு மேல நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

மூக்கன் சுவரை ஒட்டிக் கருவியை வைத்தான். ஐந்து நிமிடம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மேல்வரி அசையவே இல்லை.

"பூஜ்யமா?" என்றாள் அக்கா.

"பூஜ்யம்க்கா."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தான். "சரி" என்றாள். குழந்தையை இறக்கிவிட்டு, அலமாரியைத் திறந்து, அதன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள்.

அவன் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினான்.

கீழே மழை விட்டிருந்தது. தெருவுக்கு வந்து, கருவியை அணைக்கப் போனவன் நின்றான். மேல்வரியில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. மைனஸ் இருபது. மைனஸ் அறுபது. மைனஸ் தொண்ணூற்று நாலில் போய் நின்றது.

பூஜ்யத்துக்குக் கீழே காற்றில் ஒன்றும் கிடையாது. 

அந்தக் கருவிக்கு ஒரு குணம். உயிர்ப்பித்ததும் எந்தக் காற்று கிடைக்கிறதோ அதையே சுத்தமான காற்று என்று நம்பி, அங்கிருந்து எண்ணத் தொடங்கும். அதனால் அதை எப்போதும் வெட்டவெளியில்தான் உயிர்ப்பிக்க வேண்டும். வேலைக்கு வரும் புதியவர்களுக்கு முதல் நாளே அவன் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒருவன் இந்தத் தப்பைச் செய்தபோது ஒரு வாரம் கேலி செய்தான். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுந்திருந்தது. மழைக்கும் அக்காவின் கைக்கும் நடுவில், விஷத்தைக் காட்டி இதுதான் சுத்தம் என்று கருவிக்குச் சொல்லியிருந்தான்.

மூன்று மாடியையும் ஓடி ஏறினான்.

"எல்லாரும் வெளிய வாங்க! ஜன்னலைத் திறங்க! அக்கா, பெட்டியை விடு, குட்டியைத் தூக்கு!"

"என்ன மாப்ள, போன வேகத்துலயே பேயறைஞ்சிடுச்சா?" என்றபடி எழுந்த மாமா தள்ளாடிச் சுவரைப் பிடித்தார்.

அவர்களைத் தெருவில் உட்கார வைத்துவிட்டு, வெட்டவெளியில் கருவியை மறுபடி உயிர்ப்பித்து, மேலே போனான். ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தும் கூடத்திலேயே கருவி அலறியது. பின்னறைச் சுவரில் ஒரு மயிரிழை விரிசல். அதன் அருகே இன்னும் தொண்ணூறு. மழைக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்தபோது அதுவே வீடு முழுக்க ஒரே அளவாகப் பரவியிருந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு சலவைக்கடை. அங்கே வெந்நீர்க் கொதிகலன் ஒன்றைக் காலை பத்துக்கு மூட்டி மாலை ஆறுக்கு அணைப்பார்கள். அதன் புகைக்குழாய் சுவருக்குள்ளேயே கூரை வரை போகிறது. எங்கோ இணைப்பு விட்டிருந்தது. மாமா காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அக்காவும் குழந்தையும் மூன்று மாதமாக அந்த வீட்டில் பகல் முழுக்க அதைக் குடித்திருக்கிறார்கள்.

சலவைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, குழந்தை இருக்கிற வீடாச்சே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொதிகலனை அப்போதே அணைத்தார்.

"அப்போ இவ பார்த்தது?" என்றார் மாமா.

"அரை நாள்ல உங்களுக்குத் தலை சுத்துச்சே, அதேதான் மாமா. அவளுக்குத் தினமும்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்து அதையே சொன்னார்கள். மாமாவால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் என்னத்தைக் கண்டேன்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அதற்குமேல் மன்னிப்பு அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமைப் பேச்சு அதோடு நின்றது. தெரிந்தவர் வீட்டு மாடியறையில் தங்கினார்கள்.

சலவைக்காரர் புகைக்குழாயை அடியோடு மாற்றினார். பத்து நாள் கடை மூடிக் கிடந்தது. வேலை முடிந்ததும் மாமா போன் செய்தார்.

"நீங்க ஒரு தடவை பார்த்துப் பூஜ்யம்னு சொல்லிடுங்க மாப்ள. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போயிடறோம். எத்தனை நாள் அடுத்தவங்க வீட்டுல முழங்காலை மடக்கிக்கிட்டுத் தூங்கறது?"

வெள்ளிக்கிழமை காலை மூக்கன் போனான். வெயில் நன்றாக இருந்தது. தெருவின் நடுவில் நின்று கருவியை உயிர்ப்பித்தான். சலவைக்காரர் கொதிகலனை மூட்டினார். முழுத் தீயில் இரண்டு மணி நேரம் எரியவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்த வீட்டுக்குள் தனியாகப் போனான்.

கூடம், பூஜ்யம். சமையலறை, பூஜ்யம். பின்னறைக் கதவைத் தள்ளினான். பூஜ்யம்.

எதிர்ச்சுவரில் ஒருவர் காதை வைத்தபடி நின்றார்.

முதுகுதான் தெரிந்தது. குறுகிய தோள். சாம்பல் நிறச் சட்டை. விரிசலைப் பூசிய இடம் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. காது அந்த ஈரத்தின் மேல் இருந்தது.

மூக்கன் கதவைச் சாத்தினான். படியிறங்கித் தெருவுக்கு வந்தான். பத்து நிமிடம் மூச்சை இழுத்து இழுத்து விட்டான்.

"ஆச்சா தம்பி?" என்றார் சலவைக்காரர் கடைக்குள்ளிருந்து.

"இன்னொரு தடவை."

கருவியை அணைத்து மறுபடி உயிர்ப்பித்தான். ஒரு லாரிக்குப் பின்னால் பிடித்தான். புகைக்கு எண் எகிறியது. நகர்ந்ததும் பூஜ்யத்துக்கு வந்தது. கருவியில் குற்றமில்லை. மேலே போனான்.

அவர் அங்கேயே நின்றார்.

என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். கையை நீட்டிக் கருவியை அந்த முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். உயிருள்ள எந்த வாய்க்கருகே கொண்டுபோனாலும் கீழ்வரி துள்ளும். அவன் எண்ணிக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம். இரண்டு. கீழ்வரி அசையவில்லை.

அப்போது அவருடைய வலக்கை மெல்ல இறங்கியது. முழங்கால் உயரத்தில் நின்றது. விரல்கள் மடங்கின, விரிந்தன, மடங்கின. காது சுவரிலேயே இருந்தது. திரும்பிப் பார்க்காமல், பழகிய குழந்தையைக் கூப்பிடுகிற கை.

வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்றான். போன் அடித்தது. அக்கா.

"பார்த்தியாடா?"

"பார்த்தேன்."

"அவரு..." என்று நிறுத்தினாள். பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. "சும்மாதான் கேக்கறேன். ஆஸ்பத்திரியில சொன்னது எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ சொல்லு. அங்க யாரும் இல்லதானே?"

பார்த்ததைச் சொன்னால், எல்லாம் வாயுதான் என்று அவள் புத்திக்கு இருந்த ஒரே சாட்சி போய்விடும்; மாமா மறுபடி திங்கட்கிழமைப் பேச்சை எடுப்பார். பூஜ்யம் என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை குழந்தை இந்த வீட்டுக்குள் ஓடிவரும்.

"யாரும் இல்லக்கா. எல்லாம் அந்த வாயு பண்ணின வேலை."

அவள் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"ஆனா வாயு இன்னும் நிக்கல," என்றான். "பின்னறையில நாப்பது இருக்கு. இந்தச் சுவரை நம்ப முடியாது. மாமாகிட்ட வேற வீடு பார்க்கச் சொல்லு. நான் எழுதியே தர்றேன்."

தாளை எடுத்து எழுதினான். கூடம் பூஜ்யம், சமையலறை பூஜ்யம், பின்னறை நாற்பது. கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணவில்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

படியடியில் சலவைக்காரர் ஈரக் கையைத் துடைத்தபடி காத்திருந்தார். அவருக்குப் பின்னால் கொதிகலன் பொங்கும் சத்தம். பத்து நாள் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

"என்ன தம்பி, பூஜ்யம்தானே?"

மூக்கன் தாளை நீட்டினான். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"குழாய் புதுசு தம்பி. இணைப்பு ஒவ்வொண்ணையும் என் கையால சோப்பு நுரை வச்சுப் பார்த்தேன். ஒரு குமிழி வரல. எங்கிருந்து வரும் நாப்பது?"

"தெரியல அண்ணே."

"வாங்க, ரெண்டு பேருமாப் போய் ஒரு தடவை பார்ப்போம். என் கண்ணால பார்த்துட்டா மனசு ஆறும்."

"வேணாம்," என்றான். சொன்ன வேகத்தில் அவர் ஒரு படி பின்வாங்கினார். "அணைச்சிடுங்க அண்ணே."

அவர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு அவன் கையைப் பார்த்தார். மூக்கன் கருவியின் திரையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். அவர் உள்ளே போய்க் கொதிகலனை அணைத்தார்.