சிவப்பு டவுசரா, நீல டவுசரா

உதுமான் கையில் ரிமோட்டைக் கொடுத்ததுதான் தப்பு. போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டில் மளிகைக்கடை நடத்தும் அந்த மனுஷருக்கு எதையும் பதறாமல் செய்ய வராது. அதுவும் மகள் ஜஸ்னாவைப் பெண் கேட்டிருக்கும் பையன் கூண்டுக்குள் சண்டை போடுகிற வீடியோ என்றால் கேட்கவே வேண்டாம்.

பையன் பெயர் ஃபைசான். போர்ட் பிளேரில் லம்பா லைன்காரன், அப்பாவோடு ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். சாயங்காலமானால் ஜிம்மில் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டை பழகுவான். போன மாதம் கப்பலேறிச் சென்னைக்குப் போய் ஒரு போட்டியில் மோதிவிட்டு வந்திருந்தான். அந்த வீடியோவைப் பென் டிரைவில் போட்டு, தன் அக்காவிடம் கொடுத்து ஃபெர்ரியில் அனுப்பியிருந்தான். "பதில் சொல்றதுக்கு முன்னாடி ஜஸ்னா இதை முழுசாப் பாக்கணும்" என்று அக்காவிடம் சொல்லியும் விட்டிருந்தான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பதில் சொல்வதாக ஏற்பாடு.

ஜஸ்னா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கை ஓங்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரியுமா? நேரில் கேட்டால் தெரியாது என்று எந்த மாப்பிள்ளை சொல்லப்போகிறான்? டிவியில் பார்த்துவிடலாம் என்று, முந்தின நாளே போனில் விதிமுறைகளையெல்லாம் படித்துவிட்டு ஆவலாக உட்கார்ந்திருந்தாள்.

புகை கிளம்பியது, விளக்குகள் சுழன்றன. அரைகுறை உடுப்பில் ஒரு பெண் ரவுண்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று சொல்லி உதுமான் ஃபார்வர்டு பட்டனை அழுத்தினார். விரலை எடுத்தபோது இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். யார் எவர் என்று அறிவித்ததெல்லாம் பறந்துபோயிருந்தது.

"இதுல நம்ம பையன் யாருங்க?" என்றார் அவர் மனைவி ரம்ஜான் பீவி.

நல்ல கேள்வி. பெண் வீட்டுக்கு வந்திருந்தது ஒரே ஒரு போட்டோ. அதிலும் பையன் கப்பல் டெக்கில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றான். இங்கே இரண்டு பேருக்கும் தாடி, இரண்டு பேரும் ஒரே உயரம். ஒருவனுக்குச் சிவப்பு டவுசர், மற்றவனுக்கு நீலம்.

"நீலம்தான். தேக்கோ, அந்தத் தோளைப் பாரு, பக்கா ஹார்டுவேர் கடைத் தோளு."

"சிவப்புதாங்க. மொகத்துல ஒரு சாந்தம் தெரியுது."

"சாந்தமா இருக்கறவன் எதுக்குக் கூண்டுக்குள்ள போறான்?"

இரண்டாம் ரவுண்டில் சிவப்பு, நீலத்தின் பின்னால் போய்க் கழுத்தில் கையைப் போட்டு இறுக்கினான். நீலத்தின் முகம் கன்றிப்போயிற்று. நடுவர் அந்தப் பக்கம் நின்றார். திடீரென்று சிவப்பு பிடியை விட்டான். அடுத்த நொடி நீலம் திரும்பி விட்ட குத்தில் சிவப்பு சுருண்டு விழுந்தான். நடுவர் நீலத்தின் கையை உயர்த்தினார்.

"ஜீத் கயா! ஜெயிச்சுட்டான்!" உதுமான் தொடையில் தட்டிக்கொண்டார். "நான் சொன்னேன்ல?" மெடல் தட்டோடு அந்தப் பெண் மறுபடி வரவே, விரல் மறுபடி பட்டனுக்குப் போயிற்று.

"ரிமோட்டை இப்படிக் குடுங்கத்தா."

ஜஸ்னா அப்பாவிடமிருந்து வாங்கிப் பின்னால் ஓட்டினாள். பரீட்சை ஹாலில் கடைசி பெஞ்சின் பிட்டைப் பிடிக்கிற கண் அவளுக்கு. இறுகிய பிடிக்குள்ளிருந்து நீலத்தின் கை சிவப்பின் தொடையைத் தட்டியது. போதும், தோற்றேன், விடு என்று அர்த்தம். நடுவர் அதைப் பார்க்கவில்லை. அவர் சொல்லும்வரை பிடியை விடாதே என்பதுதான் விதி. சிவப்பு அதற்கெல்லாம் காத்திருக்காமல், தட்டியதும் விட்டுவிட்டான். விட்டதற்குக் கிடைத்ததுதான் அந்தக் குத்து.

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. தான் தேடி உட்கார்ந்த ஆள் இதோ இருக்கிறான். யா அல்லாஹ், சிவப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"அத்தா, கண்ண மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அட்டைக்காரப் பெண் போனதும் அறிவிப்பாளர் இந்தியில் முழங்கினார். சிவப்பு மூலையில், மாயாபந்தரிலிருந்து வந்திருக்கும் முத்துவீரன். நீல மூலையில், போர்ட் பிளேரின் ஃபைசான்.

உதுமானுக்கு வாயெல்லாம் பல். ஜஸ்னாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அழுகைகூட வரும்போலிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இந்த வீடியோவை இவன் எதற்கு அனுப்பினான்? அதுவும் முழுசாகப் பார்க்கச் சொல்லி?

அதற்குள் உதுமான் போன் போட்டு ஸ்பீக்கரிலும் வைத்துவிட்டார். "முபாரக் தம்பி, ஜெயிச்சதைப் பாத்தோம்."

ஃபைசான் அவசரமாகக் கேட்டான். "ஜஸ்னா முழுசாப் பாத்தாங்களா மாமா?"

ஜஸ்னா போனை வாங்கினாள். "பாத்தேன். நீங்க தட்டினீங்கல்ல?"

"ஆமாங்க."

"ஏன் சொல்லல?"

"கையத் தூக்கிட்டாங்க. எல்லாரும் கத்துறாங்க. அப்ப வாய் வரல. திரும்பி வர்றப்ப அவனும் நானும் ஒரே கப்பல்தான். அவனும் ஒண்ணும் கேக்கல." குரல் தணிந்தது. "ஜெயிச்சவன்னு நெனச்சு நீங்க சரி சொல்லிடக் கூடாதுன்னுதான் அனுப்பினேன்."

உதுமான் மனைவியைப் பார்த்தார். ரம்ஜான் பீவி டிவியைப் பார்த்தார்.

"மெடல் எங்க இருக்கு?" என்றாள் ஜஸ்னா.

"கடை கல்லாவுக்கு மேல. அப்பா மாட்டியிருக்காரு."

"கழட்டி எடுத்துட்டு மாயாபந்தர் போய்ட்டு வாங்க. அவர் கையில குடுத்து, தட்டினேன்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் நாம பேசலாம்."

"எங்கப்பாகிட்டயும் சொல்லணுமே."

"சொல்லித்தான் ஆகணும்."

பெருமூச்சு ஒன்று ஸ்பீக்கரில் கேட்டது. "காலையில பஸ்ஸுக்குப் போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

"இப்ப நீ சரின்னியா, வேணாம்னியா?" என்றார் ரம்ஜான் பீவி.

"பஸ் ஏறுறாரான்னு பாப்போம்மா."

பென் டிரைவைப் பிடுங்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். அவன் ஏற வேண்டுமே என்று இருந்தது அவளுக்கு.